கட்டு கம்பவுண்டர் பார்த்த கால்கள்

மரக்காணம் உப்பளத்தில் இருந்த அத்தனை பேரையும் தெரிந்துவைத்துக்கொண்டு, அவர்களில் ஒருவருடைய முகம்கூடத் தெரியாமல் வாழ்ந்த ஒரே மனிதர் கட்டு கம்பவுண்டர்தான். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. சொன்னாலும் கொஞ்சம்தான் கூட்டியிருப்பேன்.

அவர் பார்ப்பது காலை மட்டும். எதிரில் கலெக்டரே வந்தாலும் அவர் தலை தானாகக் குனியும், பார்வை முழங்காலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். நடை, குதிகால் வெடிப்பு, மெட்டி, சுண்டுவிரல் வளைந்திருக்கும் வாகு, இவற்றை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். எழுபதுகளின் நடுவில், உப்பளத்து ஆபீஸில் எடை குமாஸ்தா வேலை கிடைத்து, தகரப் பெட்டியோடு நான் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று முதலில் வரவேற்றவர் அவர்தான். வரவேற்றது என்னை அல்ல, என் செருப்பை.

"வாங்க சார். நின்னுக்கிட்டே வேலை பாத்தவரா?"

"ஆமாங்க. திண்டிவனத்துல ஒரு ஜவுளிக்கடையில இருந்தேன்."

"தெரியுது. ரெண்டு வருஷம் நின்னிருக்கீங்க. சாயங்காலமானா செருப்பு வார் கால்ல பதியுது. இடது காலு கொஞ்சம் ஜாஸ்தி வீங்குது. துணி பீரோ இடது பக்கமா இருந்துதா?"

பீரோ வலது பக்கம்தான் இருந்தது. மற்றதெல்லாம் சரி. ஊருக்குப் புதியவனாக வந்தவனிடம் ஒருவர் இவ்வளவு அக்கறையாக விசாரித்தது மனதுக்கு இதமாக இருந்தது. அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை என்பது ராத்திரி சாப்பிடும்போதுதான் உறைத்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்தபோது சாமியார் பெயர் வைக்காமல் விட்டிருக்க மாட்டார். ஆனால் ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. பட்டாளத்தில் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆனபோது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய காக்கித் துணிப் பட்டைகளோடு வந்து சேர்ந்தவர். சிப்பாய்கள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் சுற்றிக்கொள்வார்களே, அந்தப் பட்டைகள். அவர் கால்களிலும் எந்நேரமும் அதுதான் சுற்றியிருக்கும். உப்பளத்து முதலாளிகள் சேர்ந்து நடத்திய ஓரறை ஆஸ்பத்திரியில் டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் இவர்தான் டாக்டர், நர்ஸ், ஆயா எல்லாம்.

தலைவலி என்று போனாலும் காலைத்தான் காட்டச் சொல்வார்.

"மனுஷனோட அசதி எல்லாம் கீழ இறங்கி கணுக்கால்ல போயி தேங்குது சார். வெரல்லேர்ந்து இறுக்கிக் கட்டிக்கிட்டே வந்தா மேல ஏறிடும்."

"மேல ஏறி எங்கங்க போவும்?"

"அது டாக்டர் வேலை. செவ்வாக்கிழமை கேளுங்க."

கோயிலில் பூசைக்கு வந்தால் கடைசி வரிசையில்தான் நிற்பார். ஜனங்கள் முழந்தாள் போடும்போது அத்தனை பேருடைய உள்ளங்காலும் பின்னால் தெரியும் அல்லவா, அதற்காக. இது தெரியாத பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவரை உதாரணம் காட்டினார். ஒரு மணி நேரமும் தலையை நிமிர்த்தாமல் ஜெபிக்கிற அந்தப் பக்தியைப் பாருங்கள் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கம்பவுண்டர் குனிந்த தலை நிமிரவில்லை. பூசை முடிந்ததும் வாசலில் நின்று, "உங்களுக்கு நாளைக்குக் கட்டு. உனக்கு வேணாம். ஏம்பா, நீ முதல்ல செருப்பை மாத்து" என்று வரிசையாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரு பரீட்சை உண்டு. முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், கட்டைவிரலை வைத்து அமுக்குவார். விரலை எடுத்ததும் அங்கே ஒரு குழி விழும். அது நிரம்பும் வரைக்கும் எண்ணுவார். மூன்றுக்குள் நிரம்பினால் பாஸ். ஐந்தைத் தாண்டினால் கட்டு. ஒற்றைக் கால் மட்டும் வீங்கிச் சுட்டது என்றால் மட்டும் விளையாட்டே கிடையாது. கட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஆளைப் பஸ்ஸில் ஏற்றி, பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரி வரைக்கும் தானே கூடப் போவார். மற்ற நாளில் பாண்டிச்சேரி ரோட்டில் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் சைக்கிளில் போய் வழியெல்லாம் கால் பார்த்துவிட்டு வருகிற மனிதர் அவர்.

தராசு பக்கத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்ற எனக்கு மூன்றாவது வாரமே குழி ஆறுக்குப் போய்விட்டது. பாதத்தில் இறுக்கமாக, மேலே போகப்போகத் தளர்வாக, காக்கிப் பட்டையைச் சுற்றிவிட்டார். கால் கனம் பாதியாகக் குறைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் மேல் பேண்ட் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீழே காக்கிச் சுற்றோடு நான் உப்பு நிறுத்தேன். லாரி டிரைவர்கள் போகிற போக்கில் எனக்கு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்படி எதிர்ப்பே இல்லாமல் போய்க்கொண்டிருந்த அவருடைய ராஜ்ஜியத்தில் எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்தது. அது சூசையம்மா.

உப்பு தானாக விளைந்துவிடுவதில்லை. வருஷா வருஷம் தை மாசம் பாத்தியின் அடித்தரையைக் காலாலேயே மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஈரக் களிமண்ணில் நாள்கணக்கில் நின்று மிதிப்பார்கள். சூசையம்மா பன்னிரண்டு பெண்களை வைத்து அந்த வேலையை நடத்துகிறவர். புருஷன் இல்லை. தன் பெயர் உப்பளத்து ஆள் பட்டியலில் முதலில் இருப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே சொத்து. மத்தியானத்துக்குள் அவருக்குக் கணுக்கால் எலும்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதற்கு அவரிடம் சொந்த வைத்தியம் இருந்தது.

"ஏன்யா கம்பவுண்டரே, மேல் பாத்தித் தண்ணி கீழ் பாத்திக்கு எப்படி வருது? நீ கயிறு போட்டா இழுக்கற? மேடு பள்ளம்யா. காலைத் தூக்கி மேட்டுல வையி. தண்ணி தானா வடியும்."

"ஏம்மா சூசையம்மா, வரப்பு இல்லாம எந்தப் பாத்தில தண்ணி அடங்கி நிக்குது? நான் போடற கட்டுதான் வரப்பு. காலைத் தூக்கிக்கிட்டே நீ பாத்தி மிதிப்பியா?"

"உன் கட்டோட உப்புத்தண்ணில நின்னு பாத்திருக்கியா நீ?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். அதனால்தான் இரண்டு பேரும் பதில் சொல்லாமல் சத்தம் போட்டார்கள்.

சித்திரை மாசத்தில் ஒருநாள் கம்பவுண்டர் ஜெயித்தார். பழைய வேட்டிகளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, பன்னிரண்டு பெண்களுக்கும் சூசையம்மாவுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டார். அவர்கள் அப்படியே பாத்தியில் இறங்கி உப்பு வாரினார்கள். பத்து மணிக்கெல்லாம் துணி உப்புத்தண்ணியைக் குடித்துவிட்டது. பதினொரு மணி வெயிலில் அது காய ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு காலும் மாவுக்கட்டு போட்ட கால். முழங்கால் மடங்கவில்லை. வரப்பின் மேல் பதின்மூன்று பேரும் விறைப்பாக நடந்து வந்தார்கள். சாப்பாட்டுக்கு உட்கார முடியாமல் தூக்குவாளியை ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் நின்றுகொண்டே கஞ்சி குடித்தார்கள்.

"காலைச் சுத்தின பாம்பு கடிக்காம விடாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் சூசையம்மா. "எங்க காலையும் உப்பா விளைய வச்சிட்டியேய்யா!"

மறுநாளிலிருந்து ஆட்சி மாறியது. மத்தியானம் சாப்பிட்டதும் கொட்டகையில், உப்பு அம்பாரத்தின் சரிவில் காலைத் தூக்கி வைத்துப் பெண்கள் எல்லோரும் படுத்தார்கள். அரை மணி நேரத்தில் கால் லேசானது என்று அவர்களே சொன்னார்கள். நாலு நாள் நிம்மதியாகப் போனது. ஐந்தாம் நாள் அம்பாரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஏஜென்ட் வந்தார். முதலாளிகளின் சார்பில் அளத்தை நடத்துகிறவர் அவர். கண்ணெதிரே இருபத்தாறு உள்ளங்கால்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"யாரைப் பாத்து காலை நீட்டறீங்க?"

"உங்களைப் பாத்து நீட்டலிங்க. நாங்க நீட்டின பக்கமா நீங்க வந்துட்டீங்க" என்றார் சூசையம்மா.

உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் நம் ஊரில் உள்ளங்காலைக் காட்டினதை மன்னித்தாலும் உள்ளதைச் சொன்னதை மன்னிப்பார்களா? ஏஜென்ட் நிதானமாகவே பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"காலு வீங்கினவங்க இங்க எதுக்கு? தை மாசம் மிதிப்பு ஆரம்பிக்கிற முத நாள் சாயங்காலம் உன் காலைப் பாப்பேன். வீங்கியிருந்தா உன் பேரை எடுத்துடுவேன். சார், நோட்டுல எழுதிக்குங்க."

சார் என்றது என்னை. ஆள் பட்டியல் எழுதுவது என் வேலை. ஒரு பெயரை அடிப்பதானாலும் நான்தான் அடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் சூசையம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "அளத்துக்கு வராம நான் வீட்ல என்னா சார் பண்ணுவேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எதிரி தோற்றதில் கம்பவுண்டர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு நாள் அவர் யார் காலையும் அமுக்கவில்லை. மூன்றாம் நாள் என் செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"பதினோரு வருஷமா அந்தக் காலைப் பாக்கறேன் சார். அது நிக்கலன்னா இந்த அளத்துல எதுவும் நிக்காது."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் சூசையம்மா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று சேதி வந்தது. நானும் கம்பவுண்டரும் ஓடினோம். நெற்றியில் ஒரு புடைப்போடு உட்கார்ந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டை உயர்த்துவதற்காக இரண்டு கால்களுக்கு அடியிலும் உப்பு மூட்டையை வைத்திருக்கிறார். வீட்டில் வேறு எதுவும் அவ்வளவு கனமாக இல்லை. கூரை ஒழுகியதில் இடது பக்கத்து மூட்டை விடிவதற்குள் கரைந்து, கட்டில் சாய்ந்து, அவரைக் கொட்டிவிட்டது. உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி, உப்பு கரையும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. குனிந்து கட்டிலின் காலைப் பார்த்தார். அவருக்குக் கால் என்றால் எல்லாம் ஒன்றுதான். மத்தியானம் ரம்பத்தோடு வந்து, தலைமாட்டுப் பக்கத்துக் கால்கள் இரண்டையும் அளவாக அறுத்துவிட்டார்.

"மூட்டை கரையும், செங்கல்லு நகரும். அறுத்த காலு மறுபடி முளைக்காது. இப்ப படும்மா."

"காலைத் தூக்கி வைக்கக் கூடாதுன்னு சொன்ன மனுஷன் நீதானே?"

"கட்டு வேணாம்னு சொன்ன மனுஷி நீதானே? ரெண்டையும் பண்ணுவோம்."

அளவு எப்படி அவ்வளவு கச்சிதமாகத் தெரிந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த வாரம் அவர் அறைக்குப் போனபோது தெளிந்தது. அவருடைய கட்டிலிலும் தலைமாட்டுக் கால்கள் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த இடம் அழுக்கேறிப் பழையதாக இருந்தது. ஊரெல்லாம் கட்டுப் பிரசாரம் செய்துவிட்டு, மனிதர் வருஷக்கணக்கில் காலைத் தூக்கி வைத்துத்தான் தூங்கியிருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்றார். இத்தனை வருஷம் சொல்லவில்லை. இப்போது வாரப் பத்திரிகையில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மார்கழி முழுக்கப் பயிற்சி நடந்தது. ராத்திரி காலை மேடாக வைத்துத் தூங்க வேண்டும். விடிந்ததும் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால், வீக்கம் இறங்கியிருக்கும்போதே கட்டைச் சுற்றிவிட வேண்டும். சூசையம்மா வீட்டுக்குள் போய்க் கட்டிவிடுவது முறையில்லை என்று கம்பவுண்டர் தெருவில் நின்றுகொண்டு சத்தம் கொடுப்பார்.

"வெரல்லேர்ந்து ஆரம்பி! சுருக்கம் விழக் கூடாது! குதிகாலை விட்டுட்டியா?"

"வுடலய்யா! கத்தாத!"

ஒரு வாரத்தில் அந்தத் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் கட்டுப் போடத் தெரிந்துவிட்டது.

தை பிறந்தது. மிதிப்பின் முதல் நாள். பாத்தியில் இறங்கும் முன் கட்டை அவிழ்த்து, நனையாமல் தூக்குவாளியின் மேல் வைத்தார் சூசையம்மா. சித்திரையின் பாடம் மறக்கவில்லை. மத்தியானம் வந்ததும் பெண்கள் தயங்கினார்கள். கொட்டகையில் காலைத் தூக்கினால் ஏஜென்டுக்கு அவமானம். என்ன செய்வது? கம்பவுண்டர் கரையின் சரிவைக் காட்டினார்.

"தலையைக் கொட்டகைப் பக்கம் வைங்க. காலைக் கிழக்கால, கரை மேல தூக்கி வைங்க. அங்க கடல்தான் இருக்குது. கடலுக்கு ரோஷம் கிடையாது."

பதின்மூன்று பேரும் வரிசையாகப் படுத்தார்கள். அரை மணி கழித்துக் காலைத் துடைத்து, பாத்தியில் இறங்கும் நேரம் வரைக்கும் உலர்ந்த கட்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு மறுபடியும் மிதித்தார்கள்.

சாயங்காலம் ஏஜென்ட் குடையோடு வந்தார். ஆள் பட்டியலும் பேனாவுமாக நான் பக்கத்தில் நின்றேன். சூசையம்மா கரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். கணுக்கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது. கம்பவுண்டர் கட்டைவிரலால் அமுக்கி எடுத்தார்.

"ஒன்னு... ரெண்டு..."

இரண்டிலேயே குழி நிரம்பிவிட்டது. பெண்கள் மூச்சு விட்டார்கள்.

"நீ இழுத்து இழுத்து எண்ணற" என்றார் ஏஜென்ட்.

"அப்ப இதே எண்ணிக்கைல உங்க காலை ஒருதரம் பாத்துடலாங்க."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஏஜென்ட் வேட்டியை ஒரு சாண் தூக்கினார். நாள் முழுக்க நாற்காலியில் தொங்கப்போட்ட கால். கம்பவுண்டர் அமுக்கினார், எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு. லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். பதினொன்றிலும் குழி அப்படியே இருந்தது. அதில் ஒரு கல் உப்பை வைக்கலாம் போலிருந்தது. ஏஜென்டின் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதீங்க. வர்ற செவ்வாக்கிழமை டாக்டர்கிட்ட காட்டுங்க. அவரு என்னா சொல்றாரோ அதுதான். அது வரைக்கும் காலைத் தொங்கப்போடாம ஸ்டூல் மேல வைங்க" என்றார் கம்பவுண்டர், மிக மரியாதையாக.

ஏஜென்ட் வேட்டியை இறக்கிவிட்டார். என் பக்கம் திரும்பி, "பேரு இருக்கட்டும்" என்றார். நான் பேனாவை மூடினேன். மறுநாள் மத்தியானம் கொட்டகைக்கு வெளியே ஏஜென்டின் சாய்வு நாற்காலியும் ஒரு ஸ்டூலும் கடலைப் பார்த்து வந்து உட்கார்ந்தன.

அன்று சாயங்காலம் ஏஜென்ட் போனதும் பெண்கள் போட்ட கூச்சலில் பாத்தியில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டன. சூசையம்மா மட்டும் கூச்சல் போடவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"எல்லார் காலையும் பாத்தாச்சு. இப்ப உன் காலைக் காட்டுய்யா."

கம்பவுண்டர் ஓர் அடி பின்னால் போனார். "எனக்கு எதுக்கும்மா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பதினோரு வருஷமா அந்தக் காக்கியை அவுத்து யாராவது பாத்திருக்காங்களா? உக்காரு."

அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. ஊரார் காலையெல்லாம் பார்த்தவரின் காலை யாருமே பார்த்ததில்லை. அவர் உட்கார்ந்தார். பட்டையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். அது முடிவதற்கே வெகு நேரம் ஆனது. உள்ளே இருந்தது, அந்த அளத்திலேயே மோசமான கால். நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, கணுக்கால் கறுத்து, பட்டை இருந்த தடம் தடமாக வீங்கியிருந்தது. கேலி பேசப் பிறந்தவர்களான அந்தப் பெண்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள்.

சூசையம்மா கட்டைவிரலால் அமுக்கினார். அவரைப் போலவே எண்ணினார்.

"...ஏழு, எட்டு, ஒம்போது. ஒம்போதுலதான் நிரம்புது. அடுத்தவங்களுக்குக் கட்டறதுக்கு இந்தக் காலோடவா சைக்கிள் மிதிச்சிக்கிட்டு சுத்தற? செவ்வாக்கிழமை முத ஆளா நீ டாக்டர்கிட்ட காட்டற. நாளைக்கு மத்தியானம் எங்க வரிசையில வந்து படு."

கம்பவுண்டர் தலையை நிமிர்த்தினார். நான் அங்கே இருந்த நாளில் அவர் அப்படிச் செய்து பார்த்ததே இல்லை. சூசையம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, நீ மூக்குத்தி போட்டிருக்கியா?"

"கல்யாணத்துலேர்ந்து போட்டிருக்கேன்யா."

"நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

மறுநாள் கரையில் பதினான்கு ஜோடிக் கால்கள் கடலைப் பார்த்துக் கிடந்தன. எடைத் தராசை மூடிவிட்டு நான் அந்தப் பக்கம் போனபோது, வரிசையின் கடைசியில் படுத்திருந்த கம்பவுண்டர் என் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "வாங்க சார்" என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பிறகு எத்தனையோ ஊரில் வேலை பார்த்தேன், கடலே இல்லாத ஊர்களும் உண்டு. இன்றைக்கும் மத்தியானம் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால், பக்கத்தில் அவருக்கு ஓர் ஆள் இடம் விட்டுத்தான் படுக்கிறேன்.